ஒசாக்கா பெருநகரப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்வது குறித்து உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றுள்ள நான், ஒசாக்கா பெருநகரப் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்புகிறேன். ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகமும் ஒசாக்கா மாகாணப் பல்கலைக்கழகமும் இணைந்து 2022 ஏப்ரலில் உருவான இது, தேசியப் பல்கலைக்கழகம் அன்று. மாகாணமும் மாநகராட்சியும் சேர்ந்து நிறுவிய பொதுப் பல்கலைக்கழகம். இயற்பியலாளர் யொய்ச்சிரோ நம்பு 1950இல், தம் 29ஆம் வயதில், பேராசிரியரானது இதன் முன்னோடியான நகரப் பல்கலைக்கழகத்தில்தான். அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற ஷின்யா யமனாக்கா முனைவர் பட்டம் பெற்றதும் அங்கேதான். நம்புவின் பெயரால் இயங்கும் இயற்பியல் ஆய்வு நிறுவனமே என்னை மிகவும் ஈர்க்கிறது.

நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதா, முதலில் பட்டம் வழங்கப்படாத 'கென்கியூசெய்' என்னும் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, பிறகு நுழைவுத் தேர்வை எழுதுவதா என்பதே என் முதன்மையான ஐயம். இரண்டாவது வழியில் சென்றவர்கள், அந்தக் காலத்தில் ஆய்வகத்தின் வாராந்தரக் கருத்தரங்குகளில் எந்த அளவுக்குப் பங்கேற்க முடிந்தது, அவை ஜப்பானிய மொழியிலேயே நடந்தனவா என்பதை விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஜப்பானியக் கல்வி அமைச்சின் உதவித்தொகைக்குத் தூதரகத்தின் வழியாக விண்ணப்பித்தவர்கள், முதற்கட்டத் தேர்வுக்கு முன்பே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினீர்களா? எழுதியிருந்தால், ஆய்வுத் திட்டத்தை எத்தனை பக்கங்களில் அனுப்பினீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.