வீட்டுச் சாக்லேட்டுக்கு முதல் நாளே ஜி.எஸ்.டி. எடுக்கணுமா?

பனிமூட்டம்:
ஊட்டி நகராட்சி எல்லைக்குள்ள, வாடகை வீட்டுச் சமையலறையில சாக்லேட் செஞ்சு விக்கிற திட்டம். ரெண்டு பேர் வேலை, மாசம் 60, 70 கிலோ. பாதி கமர்ஷியல் ரோடு கடைகளுக்கு, மீதி வாட்ஸ்அப் ஆர்டர், பெங்களூருக்கும் கொச்சிக்கும் கூரியர். எந்தெந்தப் பதிவு, எந்த வரிசையில? ஜி.எஸ்.டி. இப்பவே எடுக்கணுமா, ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினப்புறம் போதுமா?

குன்னூர் கணக்கு:
அந்த 40 லட்சத்தை மறந்துடுங்க. அது தமிழ்நாட்டுக்குள்ளயே சரக்கு விக்கிறவங்களுக்கு. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினா ஜி.எஸ்.டி. சட்டத்தோட 24-ஆம் பிரிவு வந்துடும். அங்க டர்ன்ஓவர் பேச்சே இல்ல. கொச்சிக்குப் போற முதல் அரைக் கிலோவுக்கே பதிவு வேணும். உங்க வியாபாரத்துல பாதி அதுதான்கிறதால முதல் நாளே எடுங்க.

கேத்தி வேலி:
கணக்கு அண்ணன் சட்டத்தைச் சரியாத்தான் சொல்றார், ஆலோசனைதான் தப்பு. மாசம் 70 கிலோ செய்யுற அடுப்படிக்கு ஜி.எஸ்.டி. ஒரு சுமை. வித்தாலும் விக்கலைன்னாலும் ரிட்டர்ன் போடணும். விற்பனையே இல்லாத மாசத்துக்குக் கூட, பிந்தினா நாளுக்கு 20 ரூபாய். பதிவு இல்லாத சின்னக் கடைக்காரர் உங்ககிட்ட கட்டின வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அவருக்கு அது விலையேற்றம்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவும், சிறுதொழில் சான்றான உத்யமும் எடுத்துட்டு ஆரம்பிங்க. கூரியரை முதல் ஆறு மாசம் கோயம்புத்தூர், சென்னையோட நிறுத்திக்குங்க. மேட்டுப்பாளையம் இறங்கினதும் சாக்லேட் என்ன கதியாகுதுன்னு அந்த ஆறு மாசத்துல தெரிஞ்சுடும். கோகோ பட்டர் உடம்புச் சூட்டுக்கே உருகுற சரக்கு. ஊட்டிக் குளிர்ல பளபளன்னு இருக்கிறது ஏப்ரல்ல கீழ போய்ச் சேரும்போது வெள்ளை பூத்து நிக்கும்.

குன்னூர் கணக்கு:
சுமைன்னு சொல்றது 18 சதவீதம் இருந்த காலத்துக்குப் பொருந்தும். 2025 செப்டம்பர் 22-லிருந்து சாக்லேட் 5 சதவீதம். ரிட்டர்னும் 5 கோடி டர்ன்ஓவர் வரைக்கும் காலாண்டுக்கு ஒருதடவை போதும், வரி இருந்தா மட்டும் மாசாமாசம் கட்டணும். ரிட்டர்ன் போடச் சோம்பல்பட்டு பாதி ஆர்டரை வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களா?

லவ்டேல் லோக்கல்:
ஜி.எஸ்.டி.யிலயே சின்ன வியாபாரிகளுக்குன்னு இருக்கிற காம்போசிஷன் முறையில போனா? விற்பனையில 1 சதவீதம்தானே, தலைவலி குறைவு.

குன்னூர் கணக்கு:
தம்பி, காம்போசிஷன் எடுத்தவர் வெளிமாநிலத்துக்கு விக்கவே கூடாது. எந்தக் காரணத்துக்குப் பதிவு எடுக்குறாங்களோ அதுக்கே ஆகாது. அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளர்கிட்ட வாங்கவும் முடியாது, கையிலிருந்துதான் போகும்.

லவ்டேல் லோக்கல்:
அப்போ சீசன்ல கேரளா வண்டியில வந்து கவுண்டர்ல வாங்கிட்டுப் போறாங்களே, அதுவும் வெளிமாநில விற்பனையா?

குன்னூர் கணக்கு:
இல்ல. கவுண்டர்ல கைமாறினா விற்பனை நடந்த இடம் ஊட்டிதான். ஆனா 2023 அக்டோபர் 1-லிருந்து ஒரு நுணுக்கம் இருக்கு: பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போடுற பில்லுல அவர் முகவரி இருந்தா, அந்த முகவரிதான் விற்பனை இடம். மாநிலத்தோட பேரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதின கணக்கு. முகவரி இல்லைன்னா விக்கிறவர் இடம். பில்லிங் சாஃப்ட்வேர்ல போன் நம்பரைத் தட்டினதும் பழைய முகவரி தானா வந்து ஒட்டிக்கும், அது கேரளா முகவரின்னா வெளிமாநில விற்பனையாயிடும், அங்கதான் மாட்டுவாங்க.

லேபிள் பிசாசு:
நீங்க ரெண்டு பேரும் ஜி.எஸ்.டி.யைக் கட்டிப் புரளுங்க. வாசல்ல முதல்ல வந்து நிக்கப் போறவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுக்கு அவங்களோட ஃபாஸ்கோஸ் தளத்துல படிவம் ஏ, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்தப் பதிவு போதும்னு 2011 விதிமுறை வகுத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் டர்ன்ஓவர். வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டது, விண்ணப்பிக்கிற அன்னிக்குத் தளத்துல இருக்கிறதுதான் கணக்கு. தொழில் வகையில 'உற்பத்தி'ன்னு தேர்ந்தெடுக்கணும். 'சில்லறை விற்பனை'ன்னு போட்டுட்டு அடுப்புல கிண்டினா அந்தப் பதிவு உங்களைக் காப்பாத்தாது. பதிவு இடத்துக்குத்தான், நாளைக்கு சேரிங் கிராஸ்ல கடை போட்டா அதுக்குத் தனிப் பதிவு.

அடுத்தது பொருளோட பேரு. மலையில விக்கிற 'ஹோம்மேடு'ல நிறையது காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சுல ஊத்தினது. கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு. சாக்லேட்னு எழுதணும்னா அந்த மாதிரிக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சேர்த்திருந்தா அதையும் சொல்லணும். காம்பவுண்டுல செஞ்சுட்டு வெறுமனே சாக்லேட்னு அச்சடிச்சா அது மிஸ்பிராண்டிங், அதாவது தப்பான லேபிள் போட்டு விக்கிற குற்றம், 3 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். கட்டி வாங்கின பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. அதுல இருக்கிற உட்பொருள் பட்டியல் உங்க லேபிளுக்கும் வரணும். பால், சோயா லெசித்தின், முந்திரி, பாதாம் எல்லாம் ஒவ்வாமைக் குறிப்புல கட்டாயம்.

எடையளவுச் சட்டம் இன்னொரு கதை. பாக்கெட் போடுறவர் 90 நாளுக்குள்ள பதிவு செய்யணும், 500 ரூபாய், இங்க தொழிலாளர் துறை பார்க்குது. நிகர எடை, செய்த மாதம் வருஷம், எம்.ஆர்.பி., புகார் தொடர்பு, அதோட ஒரு கிராம் என்ன விலைங்கிறதும். 250 கிராம் 300 ரூபாய்னா கிராம் 1.20. இதை விட்டுட்டு ஆயிரம் பெட்டி அச்சடிச்சுட்டு ஸ்டிக்கர் ஒட்டி உட்கார்ந்திருக்கிறவங்க மலையில நிறைய. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை.

கேத்தி வேலி:
லேபிள் விஷயத்துல மறுப்பில்ல. என் பட்டியல்லயும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இருக்கு.

லேபிள் பிசாசு:
உங்க பட்டியல்ல உத்யமும் இருக்கே அண்ணா, அதுதான் இடிக்குது. உத்யம் உரிமமே இல்ல. ஆதாரும் பானும் இருந்தா அரசுத் தளத்துல இலவசமாக் கிடைக்கிற ஒரு சான்று, அவ்வளவுதான். (பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்ல.) பி.எம்.இ.ஜி.பி. மாதிரி மானியக் கடனுக்குப் போற எண்ணம் இருந்தா, அது புதுத் தொழிலுக்கு மட்டும். இன்னைக்கே உத்யம்ல 'தொழில் தொடங்கிய நாள்'னு ஒரு தேதியைப் போட்டுட்டு அடுத்த மாசம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனா, 'ஏற்கெனவே நடக்கிற தொழில்'னு திருப்பி அனுப்புவாங்க. பெண்கள் பேர்ல போனா நகர்ப்புறத்துல 25, கிராமப்புறத்துல 35 சதவீத மானியம். இலவசச் சான்றுக்கு ஆசைப்பட்டு அதை விடணுமா?

கேத்தி வேலி:
சரி, இது நியாயம். கடன் வாங்குறவங்க உத்யமைத் தள்ளி வைக்கட்டும். ஜி.எஸ்.டி.யில என் நிலை மாறல.

பனிமூட்டம்:
கடன் வாங்குற யோசனை இல்ல. ஆனா வீட்டு ஓனருக்கு இன்னும் சொல்லல. அது பிரச்சினையா?

லேபிள் பிசாசு:
அதுதான் முதல் பிரச்சினை. வாடகை ஒப்பந்தத்துல 'குடியிருக்க மட்டும்'னு இருக்கும். உணவுப் பதிவு, ஜி.எஸ்.டி., நகராட்சி வணிக உரிமம் எதுக்குப் போனாலும் இடத்துக்கு ஆதாரம் கேட்பாங்க. ஓனர்கிட்ட சம்மதக் கடிதம் ஒண்ணு வாங்குங்க: கதவு எண், எந்த அறை, என்ன தொழில்னு எழுதி. அவர் தயங்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் கரண்ட் பில்தான். வீட்டு இணைப்புல தொழில் நடந்தா மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவுல ரெண்டு மடங்குக் கட்டணம். எப்போ தொடங்கினதுன்னு தெரியலைன்னா 12 மாசத்துக்குப் பின்னோக்கிப் போடலாம். பில் ஓனர் பேர்ல இருக்கும், அடி அவருக்கு. அந்த அறைக்குத் தனி இணைப்பு வாங்கித் தர்றோம்னு சொன்னா பாதிப் பேர் இறங்கி வருவாங்க. கேஸும் அப்படித்தான், 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஆகாது, 19 கிலோ வணிக சிலிண்டர்.

கேத்தி வேலி:
ரெண்டு பேர் கிண்டுற அடுப்புக்கு தனி மீட்டரா? செலவு ஏறிக்கிட்டே போகுதே.

லேபிள் பிசாசு:
டபுள் பாய்லர், ஃப்ரிட்ஜ், மழைக்காலத்துல ஈரம் ஏறாம இருக்க டீஹ்யூமிடிஃபையர். வீட்டுச் செலவு மாதிரியா ஓடும்? ரீடிங் எடுக்க வர்றவருக்கே தெரிஞ்சுடும்.

குன்னூர் கணக்கு:
ஜி.எஸ்.டி. விண்ணப்பம் திரும்பி வர்றதுக்கும் இதுதான் பெரிய காரணம். மலையில பல வீட்டு மின் அட்டை இன்னும் ஓனரோட அப்பா, தாத்தா பேர்லயே இருக்கு. சம்மதக் கடிதத்துல ஒரு பேர், மின் அட்டையில வேற பேர்னா கேள்வி வரும். சொத்து வரி ரசீது ஓனர் பேர்ல இருந்தா அதையும் சேர்த்து ஏத்துங்க. அதுவும் தாத்தா பேர்லன்னா வாரிசுச் சான்று வேணும். ஆதார் சரிபார்ப்பை விடாதீங்க. விட்டா இடத்தை நேர்ல பார்க்க வருவாங்க, 30 நாள் வரை இழுக்கும்.

கேத்தி வேலி:
பெங்களூரு ஆர்டரை விட மாட்டேன்னா எடுத்துத்தான் ஆகணும், அதை நான் எப்பவும் மறுக்கல. பனிமூட்டம், ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அந்த ஆர்டர் இப்பவே கையில இருக்கா, வரும்னு நினைக்கிறீங்களா?

பனிமூட்டம்:
கொச்சியில ரெண்டு கடை கேட்டிருக்காங்க. பெங்களூரு இன்னும் பேச்சுதான்.

குன்னூர் கணக்கு:
கொச்சிக் கடை வரி பில் இல்லாம சரக்கே எடுக்காது. ஓனரை இந்த வாரமே பாருங்க.