டேலியில் பில் போடும் தம்பிக்கு எதுவரை அனுமதி கொடுப்பது?

பல்லடம்_கடைக்கணக்கு

வணக்கம். அப்பாவின் ஹார்டுவேர் கடைக் கணக்கை இப்போது நான்தான் பார்க்கிறேன். டேலி பிரைம் என்ற கணக்கு சாஃப்ட்வேர், சில்வர் லைசென்ஸ், ஒரே கம்ப்யூட்டர். பில் போடும் தம்பி, சாயங்காலம் வந்து பேங்க் என்ட்ரி போடும் அண்ணன், நான், எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில்தான் உள்ளே போகிறோம். அது மானிட்டர் ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது வேறு.

போன வாரம் ஒருவர் மீந்துபோன பைப்பைத் திருப்பிக் கொடுக்க 412ஆம் நம்பர் பில்லோடு வந்தார். டேலியின் தினப்பதிவான டே புக்கில் 412 வேறொருவர் பெயரில், பெயின்ட் டப்பாவுக்கு இருக்கிறது. இவருடைய பில்லே எங்கும் இல்லை. தம்பியைக் கேட்டால் "நான் தொடவே இல்லக்கா" என்கிறான். அவனைச் சந்தேகப்பட மனசில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. ஆளுக்கொரு யூசர் போடலாம் என்றால், சில்வரில் ஒரு யூசர்தான் முடியும் என்கிறார் அப்பா. நிஜமா?

கரூர்_கணக்கர்

அப்பா சொல்வது லைசென்ஸ் சங்கதி. சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு, அவ்வளவுதான். அந்த ஒரே கம்ப்யூட்டரில் எத்தனை யூசர் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆல்ட்+கே அடித்துக் கம்பெனி ஆல்டருக்குப் போய், 'கன்ட்ரோல் யூசர் ஆக்சஸ்' யெஸ் ஆக இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டு கேட்கிறது என்பதால் இருக்கும். அதே மெனுவில் 'யூசர் ரோல்ஸ்' திறந்து, 'பில்லிங்' என்று புது ரோல் (எதெல்லாம் செய்யலாம், கூடாது என்ற பட்டியல்) போட்டு, அடிப்படையாக டேட்டா என்ட்ரியைக் கொடுங்கள். இடப்பக்கம் தடுப்பவை, வலப்பக்கம் அனுமதிப்பவை. இடப்பக்கத்தில் வவுச்சருக்கு (பில் மாதிரி ஒவ்வொரு பதிவுக்கும்) ஆல்டர், அதாவது திருத்துவது, பேலன்ஸ் ஷீட், லாப நஷ்டக் கணக்குக்கு ஃபுல் ஆக்சஸ் போட்டுவிடுங்கள், தடுக்கும் பக்கம் என்பதால் அவை முழுதும் அடைபடும். ஸ்டாக் ஐட்டம் கிரியேட் பண்ணுவதையும் தடுங்கள். இல்லாவிட்டால் '1 இன்ச் பிவிசி' ஒன்று, 'பிவிசி பைப் 1 இன்ச்' ஒன்று என்று பெருகி, எதில் எவ்வளவு சரக்கு என்றே தெரியாமல் போகும். பழைய தேதியிட்டுப் போடும் வவுச்சருக்கு எத்தனை நாள் என்ற கட்டமும் அங்கேயே இருக்கிறது. பில்லிங்குக்கு 1 போதும்.

அப்புறம் 'யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்' போய்த் தம்பி பெயரை அந்த ரோலில் சேருங்கள். முடித்ததும் பேக்கப் எடுத்துவிட்டு, அவன் பெயரில் நீங்களே உள்ளே போய் ஒரு பழைய பில்லில் அழிப்பதற்கான ஆல்ட்+டி அடித்துப் பாருங்கள். நிறைய பேர் ரோல் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

412 மர்மம் நம்பரிங்கில்தான். ஆட்டோமேட்டிக்கில் நடுவில் ஒரு பில்லை அழித்தால், பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு நம்பர் குறைந்து, 413 இருந்தது 412 ஆகிவிடும். புதிய ரிலீஸ்களில் சேல்ஸ் வவுச்சர் டைப்பில் 'ரீடெய்ன் ஒரிஜினல் வவுச்சர் நம்பர்' இருக்கிறது, அதைப் போடுங்கள். யாராவது அழித்தால் அந்த இடம் காலியாக நின்று காட்டிக்கொடுக்கும். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் ஒரு நம்பர், வாங்கியவர் கையில் வேறு நம்பர் என்ற வம்பும் இருக்காது.

ஆடிட்_உதவியாளர்

மாற்றங்களின் தடத்தைப் பதிந்துவைக்கும் எடிட் லாகையும் ஆன் செய்யுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு இந்தத் தடம் கட்டாயம். உங்களுடையது சொந்தக் கடை என்றால் கட்டாயம் இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்வது நல்லது. எந்த யூசர், எப்போது, எதை மாற்றினார் என்று அதில் விழும். இப்போது உள்ளபடி எல்லோரும் ஒரே பெயரில் போனால் எல்லாப் பழியும் அந்த ஒரு பெயரில்தான் விழும். கம்பெனி டேட்டாவையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் டேலி வால்ட்டும் போட்டால் இன்னும் பாதுகாப்பு.

கரூர்_கணக்கர்

வால்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் டேலிக்காரர்களாலும் டேட்டாவைத் திறந்து தர முடியாது. பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டுகிற கடைக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

பல்லடம்_கடைக்கணக்கு

ரொம்ப நன்றி சார். எல்லாம் போட்டுப் பார்த்தேன், அழிக்க விடவில்லை. ஒரே சிக்கல். அளவு தப்பாக அடித்துவிட்டால் தம்பியால் திருத்தவும் முடியவில்லை. காலை பத்து மணிக்குக் கொத்தனார்கள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிடுகிறான்.

கரூர்_கணக்கர்

அப்படியானால் ஆல்டர் தடையை எடுத்துவிடுங்கள். பழைய தேதித் தடை, நம்பர் நகராமல் இருப்பது, எடிட் லாக், இந்த மூன்றும் இருக்கட்டும். கவுன்டரில் இருப்பவன் கையைக் கட்டினால், நாலே நாளில் உங்கள் பாஸ்வேர்டை அவனுக்கு நீங்களே சொல்லிவிடுவீர்கள். ராத்திரி கடை அடைக்கும் முன் அன்றைய எடிட் லாகைப் பாருங்கள். ரொக்க பில் அழிக்கப்பட்டிருந்தால் அப்போதே கேளுங்கள். பேங்க் என்ட்ரி அண்ணனுக்குத் தனி ரோல் போடுங்கள், அதில் ஆல்டரைத் தடுத்தே வையுங்கள். அவர் என்ட்ரிக்கு யாரும் வரிசையில் நிற்கப் போவதில்லை.