அமெரிக்கப் பள்ளி மதிய உணவு: பணம் கூட்டரசுடையது, மாநிலத்துக்கு என்ன வேலை?

செந்தூல் மாணவி:
பொது நிர்வாகப் பாடத்துக்கு ஒப்பீட்டுக் கட்டுரை. நம் மலேசியாவின் ஆர்எம்டி (பள்ளிப் பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம்) கல்வி அமைச்சு, மாநிலக் கல்வி இலாகா, பிபிடி (மாவட்டக் கல்வி அலுவலகம்), பள்ளி என்று ஒரே வரிசையில் இறங்கும். அமெரிக்காவில் கூட்டரசுப் பணத்தை மாநிலம் நிர்வகிக்கிறதாம். மாநிலம் வெறும் தபால்காரர்தானா?

ஜெலுத்தோங்வாசி:
தபால்காரர் மட்டுமில்லை, கணக்குப் பிடிப்பவரும் அவர்தான். பெரும்பாலும் மாநிலக் கல்வித் துறை. டெக்சஸில் வேளாண் துறை.

அந்தப் பணம் முன்பணமும் இல்லை. பள்ளி முதலில் பரிமாறும், தட்டுகளை எண்ணும், மாதம் முடிந்ததும் மாநிலத்திடம் கேட்டு வாங்கும். வறுமைக் கோட்டு வருமானத்தில் 130 விழுக்காடு வரை இலவசம். 185 வரை சலுகை விலை, அதிகபட்சம் 40 சென்ட். முழு விலை கொடுக்கும் பிள்ளையின் தட்டுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கணக்கு அந்த மாதக் கடைசி நாளிலிருந்து 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் பணம் போச்சு. 36 மாதத்துக்கு ஒரு தடவைதான் விலக்கு.

பிரிக்பீல்ட்ஸ் கணக்கர்:
மாட்டிக்கொள்வது எண்ணிக்கையில்தான். வருகைப் பதிவைப் பார்த்து எழுதினால் செல்லாது. பிள்ளை தட்டோடு வரிசையைக் கடக்கும் இடத்திலேயே எண்ண வேண்டும். இறைச்சி அல்லது அதற்கு ஈடானது, தானியம், காய்கறி, பழம், பால் என ஐந்து வகை. பிள்ளை சிலவற்றை வேண்டாம் எனலாம் என்ற முறையில் குறைந்தது மூன்று வகை எடுக்க வேண்டும், அதில் ஒன்று அரை கப் பழமோ காய்கறியோ. கோழி, ரொட்டி, பால் மட்டும் எடுத்த தட்டுக்குக் காசு வராது. அதனால்தான் பழக்கூடையைக் காசாளருக்கு முன்னால் வைப்பது. மாநிலம் வந்து பார்க்கும்போது இப்படிப்பட்ட தட்டுகள் கணக்கில் இருந்தால், கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கும்.

செந்தூல் மாணவி:
நன்றி அண்ணா. சில பள்ளிகளில் எல்லாருக்குமே இலவசமாமே, விண்ணப்பமே இல்லாமல்?

ஜெலுத்தோங்வாசி:
ஆமாம். உணவு உதவி போன்ற திட்டப் பட்டியல்களிலிருந்து நேரடியாகத் தகுதி பெற்ற பிள்ளைகள் 25 விழுக்காடு இருந்தால் சேரலாம். 2023 வரை அது 40. ஆனால் சேர முடிவது வேறு, கட்டுப்படியாவது வேறு. அந்த விழுக்காட்டை 1.6ஆல் பெருக்கி வரும் பங்குக்குத்தான் இலவச வீதம். 25 என்றால் 40 தட்டுக்கு முழுத் தொகை, மிச்சம் 60க்கு அந்தச் சிறு தொகைதான். துண்டு விழுவதைக் கூட்டரசு சாராத பணத்தில் பள்ளி வட்டாரமே நிரப்ப வேண்டும். 62.5ஐத் தொட்டால்தான் நூற்றுக்கு நூறு.