புதுப்பிப்பு: 32 பிட் விண்டோஸ் 7-இல் பைத்தான், விஎஸ் கோட், கிட்

பைத்தான் (நிரல் மொழி), விஎஸ் கோட் (நிரல் எழுதும் செயலி), கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஆகிய மூன்றையும் 2 ஜிபி ரேம் கணினியில் நிறுவும் முறையை முன்பு எழுதியிருந்தேன். பைத்தானைத் திறக்கும்போது 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' டிஎல்எல் (விண்டோஸின் துணைக் கோப்பு) இல்லை என்று வரும் பிழை பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதை எங்கிருந்தோ இறக்கிப் போடாதீர்கள். அது விண்டோஸ் 8-உடன் வந்த கோப்பு. நீங்கள் நிறுவியது விண்டோஸ் 7-இல் இயங்காத பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது, அவ்வளவுதான். விண்டோஸ் 7-க்கு நிறுவிக் கோப்புடன் வந்த கடைசிப் பதிப்பு 3.8.10. அதற்கும் சர்வீஸ் பேக் 1, கேபி2533623 ஆகிய விண்டோஸ் புதுப்பிப்புகள் இரண்டும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மற்ற இரண்டிலும் விண்டோஸ் 7-க்கான கடைசிப் பதிப்புகள்: விஎஸ் கோட் 1.70.3, கிட் 2.46.2. இரண்டிலும் 32 பிட் கோப்பையே எடுங்கள்.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பில் வரும் சிக்கல் வேறு. பைத்தான் 3.8-க்குப் பொருந்தும் தொகுப்பின் பதிப்பை அதுவே தேடும். ஆனால் 32 பிட் வீல் (முன்பே தொகுத்து வைத்த நிறுவல் கோப்பு) இல்லாவிட்டால் மூலநிரலைத் தொகுக்கப் போய், அதற்குத் தேவையான விஷுவல் சி++ கேட்டு நின்றுவிடும். அதற்காக விஷுவல் சி++ அடங்கிய சில ஜிபி பில்ட் டூல்ஸை ஏற்றுவது இந்தக் கணினிக்கு வீண் சுமை. வீல் உள்ள பழைய பதிப்பெண்ணைக் குறிப்பிட்டு நிறுவுங்கள்.