ஊட்டி ஏத்தத்துக்கு இன்ஜின் ஆயில் 15டபிள்யூ-40 போதுமா, 20டபிள்யூ-50 வேணுமா?

கேள்வி
வணக்கம்ங்க. பிஎஸ்4 டர்போ டீசல், ஆறு சக்கர லாரி. கேத்தியில கேரட் ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கம், திரும்பறப்ப உர மூட்டையோட ஏத்தம். கையேட்டுல 15டபிள்யூ-40. பட்டறையில 20டபிள்யூ-50ங்கறாங்க. ஆயில் கடையில உறைபனிக்கு 10டபிள்யூ-30ங்கறாங்க. லோடோட குன்னூர் ஏறி நிறுத்தினா ஐட்லிங்கில ஆயில் பிரஷர் லைட் வேற மினுக்குது.

பதில் 1
கையேட்டுல இருக்கறதையே ஊத்துங்க. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர் ஸ்டார்ட்டுக்கு. 15டபிள்யூவை மைனஸ் 20 டிகிரியில சோதிக்கறாங்க. ஊட்டி பக்கம் தலைகுந்தாவில உறைபனியில புல்லு வெளுக்கற ஜனவரியில கூட நமக்கு பூஜ்யத்தை ஒட்டித்தான். அதுக்காக 10டபிள்யூ தேட வேண்டியதில்லை.

பின்னாடி நம்பர்தான் ஏத்தத்துக்கு. 40ன்னா 100 டிகிரி சூட்டுல ஆயிலோட கெட்டித்தன்மை 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள. சூட்டுல பேரிங் நசுக்கறப்ப ஆயில் படலம் நிக்குதான்னு பார்க்கற 150 டிகிரி சோதனையில 15டபிள்யூ-40 குறைஞ்சது 3.7 காட்டணும். 30 கிரேடுக்கு 2.9 போதும், சிகே-4ங்கற டீசல் ஆயில் தரம் போட்ட டப்பாவா இருந்தா 3.5. இன்ஜின் கம்பெனி அனுமதிக்காம 30க்கு இறங்காதீங்க.

20டபிள்யூ-50 விடிகாலையில டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்துல தேய்மானம் வரும். டப்பாவில ஆயில் தரம் சிஐ-4 பிளஸ், இல்லைன்னா சிகே-4ன்னு இருக்கான்னு பாருங்க, அது கிரேடு அளவுக்கே முக்கியம்.

பதில் 2
அந்த லைட்டை விட்டுட்டு கிரேடு பேசறது தப்புங்க. கெட்டி ஆயில் ஊத்தினா லைட் அணையும், கோளாறு உள்ளயே இருக்கும். பிரஷர் ஏறினதுனால ஓட்டம் ஏறிருச்சுன்னு அர்த்தமில்லை.

முதல்ல டிப்ஸ்டிக். ஊத்தாமலே மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடிச்சா இன்ஜெக்டர் ஒழுகுது, இல்லைன்னா டீசல் பம்ப் சீல் போயிருக்கு. டீசல் கலந்தா 40 ஆயில் 30 ஆயிரும். மட்டம் சரியா இருந்தா பிரஷர் சுவிட்சைக் கழட்டி அந்த இடத்துல பிரஷர் கேஜ் மாட்டி, நல்ல சூட்டுல ஐட்லிங் பிரஷர் எடுங்க. கையேட்டு அளவு வந்தா கோளாறு சுவிட்சுல, இல்லைன்னா ஒயரிங்குல. வரலைன்னா சம்ப் வலை (அடித்தொட்டியில ஆயிலை உறிஞ்சற வலை), பிரஷர் ரிலீஃப் வால்வு, பேரிங், இந்த வரிசையில பாருங்க. அது வரைக்கும் லோடு ஏத்தாதீங்க.

பதில் 3
டிப்ஸ்டிக்கை ரோட்டோரச் சரிவுல பார்த்தா மட்டம் பொய் சொல்லும். சமதரையில ஆஃப் பண்ணி ஒரு பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. மேக்ஸ் தாண்டி ஊத்தினாலும் கிராங்க் அடிச்சு நுரை கிளப்பும், அதுலயும் பிரஷர் விழும். பர்லியார் இறக்கத்துல நியூட்ரல் போடற ஆளா இருந்தா நிறுத்திக்குங்க. பிரேக் போறது ஒரு பக்கம், ஆயில் பம்பும் ஐட்லிங் வேகத்துலதான் சுத்தும்.

கேட்டவர்
மட்டம் மேக்ஸுக்கு மேல ஒரு விரல் அகலம் இருக்குங்க. வாடையும் அடிக்குது. இன்ஜெக்டர் பார்த்துட்டு இதே ஆயிலை விட்டுறலாமா?

பதில் 2
வேண்டாம். கோளாறைச் சரி பண்ணிட்டு சூட்டோட டிரெய்ன் பண்ணுங்க, ஃபில்டரும் புதுசு போடுங்க. ஃபில்டர் ரப்பருக்கு ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையால முக்கால் சுத்து, அவ்வளவுதான். 50 மணி நேரம் ஓட்டினதும் மட்டத்தை மறுபடி பாருங்க. ஏறியிருந்தா டீசல் பம்ப் பக்கம் போகணும்.