பாட்ஸ் விட்ட அனுபவம்: சேலம், ஏற்காடு உப்புத்தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி மூன்றடி:

முதலில் என் பாட்ஸ் கதையைக் கொட்டிவிடுகிறேன். பாட்ஸ் என்றால் துடுப்புக்காலிகள், மீன் தின்னும் பொடி ஓட்டுயிர்கள். என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு மாண்டரின் மீன் வாங்கினேன். “பாட்ஸ் ஒரு பாட்டில் ஊத்திடுங்க சார், அது பாட்டுக்குத் தின்னுக்கும்” என்றார் கடைக்காரர். ஊற்றினேன். நாலாம் நாள் தொட்டியில் ஒன்றையும் காணோம். இரண்டாவது பாட்டிலும் அப்படியே போனது. மூன்றாவது, மே மாதத்தில் வந்தது. ஞாயிறு முழுக்கப் பார்சல் கிடங்கில் கிடந்து, திங்கள் மதியம் கைக்கு வந்தபோது பாட்டில் வெந்நீர்ச் சொம்பு மாதிரி சுட்டது. மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாசம். நல்லவேளை, அதைத் தொட்டியில் ஊற்றவில்லை.

இதற்குள் மாண்டரினின் வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஆணி மாதிரி. பெரிய பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அங்கே பிழைத்துக்கொண்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் வாங்கிய மூன்றும் டிக்ரியோபஸ். சிவப்பாக, ஒரு மில்லிமீட்டருக்கு மேல், கண்ணுக்குத் தெரியும் அளவு. அமெரிக்காவின் பசிபிக் கரையில் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் வாழ்கிற சாதி. வெயில் ஏறினாலும் உப்பு ஏறினாலும் தாங்கும். ஆனால் தொட்டியில் விட்டால் நடுத்தண்ணீருக்கு நீந்தி வந்துவிடுகிறது. நான் விட்டதோ காலை பதினோரு மணிக்கு, எல்லா விளக்கும் எரிய, நுரையாக அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் ஓட, தண்ணீர் வடிகட்டும் பையான ஃபில்டர் சாக் புதிதாக மாட்டி. கோமாளி மீனும் ராஸ் மீனும் பந்தி முடித்துவிட்டுத்தான் போயின.

நாலாவது முறை டிஸ்பே என்ற வேறு சாதி. வெளிறின நிறம், டிக்ரியோபஸைவிடச் சின்னது. விற்கிற பாட்டிலில் பார்த்தால் ஏமாந்ததுபோல் இருக்கும். ஆனால் இது கல்லையும் கண்ணாடியையும் ஒட்டி ஊர்கிற சாதி, கல் பொந்தில் புகுந்தால் வெளியே வராது. பாட்டிலை அரை மணி நேரம் சம்ப்பில், அதாவது வடிகட்டும் துணைத் தொட்டியில், மிதக்கவிட்டு, விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, அங்கிருந்து தண்ணீரைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தினேன். பாதியை மெல்லிய குழாயால் கல் பொந்துகளில் விட்டேன். மீதி சம்ப்பில் கீட்டோ பாசி உருண்டைக்குள். அங்கே மீன் கிடையாது, அதுதான் அவற்றுக்குத் தாய்வீடு. பம்பைப் போட ஒரு மணி நேரம் ஆக்கினேன். சாக்கை ஒரு வாரம் கழற்றியே வைத்தேன்.

மூன்றாவது வாரம், இரவு பதினொன்றரைக்கு டார்ச்சை கண்ணாடியில் சாய்த்து அடித்தேன். மாவு தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தூசி என்றுதான் நினைத்தேன். ஒரு தூசி நின்றது, யோசித்தது, வெடுக்கென்று பக்கவாட்டில் போனது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். திட்டுதான் கிடைத்தது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் மாண்டரின் வாங்கவில்லை. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கொலுசுப் பட்டறை:

அண்ணா, எங்கள் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸ் வைத்திருப்போம். பாட்ஸ் பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. வாங்கின பாட்டிலைக் குலுக்காமல் ஒரு சொட்டு எடுத்துக் கறுப்புத் தட்டில் விட்டு லூப்பை வையுங்கள். பெண்ணாக இருந்தால் வால் பக்கம் முட்டைப் பை தொங்கும். டிஸ்பேவுக்கு ஒரே பை. ஆப்போசைக்ளாப்ஸ் என்ற இன்னொரு சாதிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பை, சின்னப் பெண் இரட்டைச் சடை போட்டதுபோல். நடுத்தலையில் ஒற்றைக் கண். எனக்கு ஒருமுறை டிஸ்பே என்று லேபிள் ஒட்டி வந்ததில் பாதி இரட்டைச் சடை. நஷ்டம் ஒன்றுமில்லை. ஆப்போசைக்ளாப்ஸ் சேலம் சூட்டை நன்றாகவே தாங்குகிறது, அதன் குஞ்சுகள் தண்ணீரில் மிதப்பதால் பவளங்களுக்கும் கொஞ்சம் தீனி. இரண்டும் கலந்து விடுவதே என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. வெள்ளியில் செம்பு கலந்துதான் வேலை செய்கிறோம். பாட்ஸுக்கும் நத்தைக்கும் செம்பு ஆகவே ஆகாது. பட்டறையிலிருந்து வந்து முழங்கை வரை கழுவாமல் நான் தொட்டியில் கை விடுவதில்லை. வீட்டுக்காரி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

எஸ்டேட் தொட்டி, ஏற்காடு:

செம்பு என்று தம்பி எடுத்துக் கொடுத்துவிட்டார். என் கதையே அதுதான்.

நான் இருப்பது ஏற்காட்டில், 1,500 மீட்டருக்குப் பக்கத்து உயரம். கீழே நீங்கள் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்குச் செலவழிக்கிறீர்கள், எனக்கு ஹீட்டர் செலவு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். கரண்ட் போனால் உங்களைவிட எனக்குத்தான் சீக்கிரம் பதற்றம். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழாத வாரம் குறைவு. பேட்டரி ஏர் பம்ப் இரண்டு எப்போதும் தயார்.

பாட்ஸ் இங்கே நன்றாகவே பிடித்தன. இரண்டு வருடம் இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க ஊரும். தினசரி ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு செய்ய மழைத்தண்ணீரைத்தான் பயன்படுத்தினேன். தகரக் கூரையிலிருந்து டிரம்மில் பிடித்தது. கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 6, 8 என்றுதான் காட்டும். ஆர்.ஓ. மெஷினே வேண்டாம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூன் முதல் வாரம். பெரிய மழைக்கு முன்னால் சுற்றிலும் எல்லோரும் காப்பிச் செடிக்குப் போர்டோ கலவை அடித்தார்கள், இலைத்துரு வராமல் இருக்க. மயில்துத்தமும், அதாவது செம்பு உப்பும், சுண்ணாம்பும் கலந்தது. எங்கள் கூரைக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் இடையில் ஒரு வேலிதான். அடுத்த மழையில் டிரம் நிரம்பியது, நான் வழக்கம்போல் ஊற்றினேன். பத்து நாளில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. ஒரு நத்தையைத் திருப்பி வைத்தால் காலை உள்ளே இழுக்கக்கூடத் தெம்பு இல்லை. இரவில் டார்ச் அடித்தேன். கண்ணாடி சுத்தம். அவ்வளவு சுத்தமான கண்ணாடியை நான் பார்த்ததே இல்லை.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பையே மருந்தாகக் கொடுக்கிறோம், அந்த அளவு மீன் தாங்கும், ஓட்டுயிர் தாங்காது. பாலி ஃபில்டர் அட்டை ஒன்றைச் சம்ப்பில் போட்டேன். செம்பைப் பிடித்தால் நீலமாகும் என்பார்கள். மூன்றாம் நாள் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைசலைத்தான் சொல்லும், அதற்குள் என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மீட்டர் நிமிர்ந்தே பார்க்காத அளவுச் செம்பே பாட்ஸைத் தீர்த்துக்கட்டப் போதும்.

கார்பனும் பாலி ஃபில்டருமாக இரண்டு மாதம், மூன்று முறை பாதித் தண்ணீர் மாற்றம். கல்லில் இறங்கின செம்பு மெதுவாக வெளியே வரும் என்பதால் அவசரப்படவில்லை. முதலில் இரண்டு நத்தைகளை விட்டு மூன்று வாரம் பார்த்தேன். அவை உயிரோடு நகர்ந்த பிறகுதான் புதிய பாட்ஸ். இப்போது ஆர்.ஓ. மெஷின்தான். டிரம் தண்ணீர் ரோஜாவுக்குப் போகிறது.

கிச்சிப்பாளையம்:

நீங்கள் எல்லாம் பெரிய ஆட்கள். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். காசு மிச்சம் பண்ண, ஊர்க் கிணற்றில் வலை போட்டு சைக்ளாப்ஸ் பிடித்து உப்புத்தண்ணீரில் விட்டேன். அதுவும் துடுப்புக்காலிதானே என்று ஒரு நம்பிக்கை. உப்பு அவற்றின் உடம்புத் தண்ணீரை உறிஞ்சி, நிமிடக் கணக்கில் எல்லாம் அடியில் படிந்துவிட்டன. விஷயம் தெரிந்ததும் அப்பத்தா, “அந்தப் பூச்சித் தண்ணியைக் குடிச்சுத்தான்டா அந்தக் காலத்துல நரம்புச் சிலந்தி வந்துச்சு, அதை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா” என்று துடைப்பத்தை எடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான், சைக்ளாப்ஸ்தான் அந்தப் புழுவைச் சுமக்கும். 2000-த்திலேயே இந்தியாவில் அது ஒழிந்துவிட்டது என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை.

அஸ்தம்பட்டி மூன்றடி:

எஸ்டேட் அண்ணா, உங்கள் கதை இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. ஒரு கேள்வி. பாட்ஸுக்குத் தீனியாகப் பச்சைத் தண்ணீர், அதாவது பாசித் தண்ணீர், என்ன கொடுக்கிறீர்கள்? நான் நானோகுளோராப்சிஸ் பாசி மட்டும்தான்.

எஸ்டேட் தொட்டி, ஏற்காடு:

நானோவோடு ஐசோகிரைசிஸும் சேருங்கள். நானோவில் டிஹெச்ஏ என்ற கொழுப்புச் சத்து கிடையாது, பொன்நிறமாக இருக்கும் ஐசோவில் உண்டு. ஆனால் தொட்டிக்குள் டிஸ்பே கல்லில் படியும் அழுக்கையும் பாசிப் படலத்தையும் வைத்தே ஓட்டிவிடும். பச்சைத் தண்ணீர் அதிகம் வேண்டியது தனியாக வளர்க்கும் கேனுக்குத்தான். இருபது லிட்டர் கேன், கல் இல்லாத வெறும் ஏர் குழாய், நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி போதும். தண்ணீர் வெளிர் பச்சையாக இருக்கும்வரை தீனி போடாதீர்கள், தெளிந்ததும் போடுங்கள். நிறையப் போட்டு நாறடித்தவன் சொல்கிறேன்.

என் கேன் இப்போது பொங்கி வழிகிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி மூன்றடி:

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணா. இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கினால் ஒன்றும் ஆகாதே?

எஸ்டேட் தொட்டி, ஏற்காடு:

குலுக்கல் ஒன்றும் செய்யாது. பாட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, மீதி காற்று இருக்கட்டும். என் கேன் 22 டிகிரியில் இருக்கிறது, உங்கள் தொட்டி 27 இருக்கும். அதனால் வீட்டுக்குப் போனதும் ஊற்றிவிடாதீர்கள், ராத்திரி வரை சம்ப்பில் மிதக்கட்டும். வரும்போது செவ்வாய்ப்பேட்டைத் தம்பியிடம் அந்த லூப்பை வாங்கிக்கொண்டு வாருங்கள். எனக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும்.