புதுப்பிப்பு: டெஸ்க்டாப்பை நிறுத்தியாச்சு, ஆனால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

போன வாரம் கேட்டிருந்தேனே, தண்டையார்பேட்டை வீட்டில் டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் பழைய 2 ஜிபி கணினியில் டெஸ்க்டாப்பை எப்படி நிறுத்துவது என்று. கோப்புகள் சேமிக்க மட்டும்தான் அது. திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வரை 'கில்' செய்து நிறுத்தினால் லாகின் திரை மறுபடி வந்து நின்றது.

காரணம் புரிந்துவிட்டது. மேலே இருக்கும் லைட்டிஎம் (லாகின் திரையைக் காட்டும் நிரல்), எக்ஸ் விழுந்ததும் புதிதாக ஒன்றை எழுப்பிவிடுகிறது. பிள்ளையை அடித்து என்ன, வாத்தியாரையே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஐசொலேட் மல்டி-யூசர்.டார்கெட்' என்று அடித்தேன், திரை கறுத்து எழுத்து முனையம் வந்தது. சேமிக்காத எல்லாமே அதோடு போய்விடும். தங்கை பாதி தட்டி வைத்திருந்த விண்ணப்பமும் போனது. இன்னும் என்னோடு பேசவில்லை.

ஐசொலேட் அந்த நேரத்துக்கு மட்டும்தான், ரீபூட் செய்தால் பழையபடி டெஸ்க்டாப். நிரந்தரமாக வேண்டும் என்றால் ஐசொலேட் இருக்கும் இடத்தில் 'செட்-டிஃபால்ட்'. திரும்பி வர, மல்டி-யூசர்.டார்கெட் இருக்கும் இடத்தில் 'கிராஃபிகல்.டார்கெட்'. டெஸ்க்டாப்பை அழிக்கத் தேவையே இல்லை.

இப்போது மெமரி தாராளமாக இருக்கிறது. ஒரே குறை, தமிழில் பெயர் வைத்த கோப்புகள். கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுத்துத் திரை அதிகபட்சம் 512 குறிகளைத்தான் தாங்கும், கொம்பும் காலும் சேர்க்கவும் தெரியாது. பெயர்கள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. மாடியில் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க்கில் இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) வழியாக நுழைந்தால் ஒழுங்காகத் தெரிகின்றன. அதனால் மானிட்டரையே கழற்றிவிட்டேன்.